பெட்ரோல் சாரின் இடது பக்கங்கள்

ராயப்பன் சார் இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவன் பாண்டி. நம் பள்ளியில் படித்தவன். இப்போது செல்லூரில் என் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி நான்கு விசைத்தறி போட்டிருக்கிறான். காலை ஏழரை மணி இருக்கும். வாசலில் நின்று கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, "டீச்சர், பெட்ரோல் சார் போயிட்டாரு" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள், தெருவில் நின்று சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுகிறான். கீரைக்கார அம்மா பயந்துபோய், "யாருப்பா, ஒங்க அப்பாவா?" என்று கேட்டாள். "இல்லக்கா, எங்க இங்கிலீஷ் சாரு" என்றான் பாண்டி.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இவனுக்கு ஒரு வருடம் முழுக்க ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் நான். பக்கத்தில் நிற்கிற என்னை அந்த அம்மாவிடம் "இவங்களும் எங்க இங்கிலீஷ் டீச்சர்தான்" என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. நான் போகும்போது இவன் இப்படி அழுவானா என்றுதான் நினைத்தேன். கீரைக்கட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவர் இனி இல்லை என்பது உறைத்தது.

பழைய மாணவர் மலருக்காக அவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். "நீங்கதான் டீச்சர் அவர்கூட ரொம்ப வருஷம் இருந்தவுங்க" என்று காரணமும் சொன்னீர்கள். உண்மைதான், இருபத்தெட்டு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இப்போது நீங்கள் அச்சிடப்போகிற அவருடைய நோட்டு, இருபது வருடம் என் பீரோவில் கிடந்தது. அது அப்போதே புத்தகமாகி உங்கள் பிள்ளைகள் கைக்கு வந்திருக்க வேண்டியது. வராமல் போனதற்கு நான் காரணம். அதைச் சொல்லாமல் இங்கே நான் எழுதும் எந்த நல்ல வார்த்தைக்கும் மரியாதை கிடையாது.

அவர் நம் பள்ளியில் சேர்ந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கசங்கிய வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி அழுத்தி வாரிய தலை. அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை எடுத்துப் பிழைத்தவர்கள். படிக்க வைக்க வழியில்லாமல் பங்குச் சாமியார் இவரைக் குருமடத்தில் சேர்த்துவிட்டார். அங்கே எட்டு வருடம் லத்தீன் படித்தார். பிறகு சாமியாராகப் போகப் பிடிக்காமல் வெளியே வந்து, ஆங்கிலம் படித்து, ஆசிரியர் ஆனார். "லத்தீன் எனக்குச் சாமி பாஷை இல்ல டீச்சர், சோத்துப் பாஷை. அதப் படிக்கப்போயித்தான் மூணு வேளையும் தின்னேன்" என்று முதல் வாரமே சொன்னார். அப்படி வெளிப்படையாகப் பேசுகிறவரைப் பார்த்து மற்றவர்கள் எல்லாம் சிரித்துப் பழகிவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை.

என் அப்பா போதகர். தாத்தா மிஷன் பள்ளியில் தலைமையாசிரியர். சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் பேசுகிற வீடு எங்களுடையது. அப்பா வைத்திருந்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பார்த்துப் பத்து வயதிலேயே கிரேக்க எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். வேதத்தில் வருகிற ஒலிவ மலைக்குக் கிரேக்கத்தில் 'எலாயா' என்ற சொல்லைத்தான் போட்டிருக்கிறது என்று அப்பா விரல் வைத்துக் காட்டியதும் நினைவிருக்கிறது. ஆகவே சொற்களின் பூர்வீகம், வேர் என்பதெல்லாம் எங்கள் வீட்டுச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். களை எடுத்தவர் மகனுக்கு அதில் என்ன வேலை என்றும் நினைத்தேன். அவ்வளவு அசிங்கமாக வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன்.

இனி பெட்ரோல் கதை. உங்களில் பலர் அதை அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். அது எங்கே தொடங்கியது என்று நான் சொல்கிறேன். பெட்ரோல் விலை ஏறிய ஒரு நாள் ஆசிரியர் அறையில் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அகராதியைப் பார்த்துக்கொண்டிருந்த நான், அந்தச் சொல்லில் 'பெத்ரா' என்றால் கல், 'ஓலியும்' என்றால் எண்ணெய், இரண்டுமே லத்தீன் வழியாக வந்தவை, முதலாவதற்குத் தாய்வீடு கிரேக்கம், இரண்டாவதும் தோண்டிப் பார்த்தால் கிரேக்கத்தில் ஒலிவ மரத்தின் பெயரில் போய் முடியும் என்று சொன்னேன். ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ராயப்பன் சார் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்" என்றார். சொன்னேன். மறுநாள் என் ஒன்பதாம் வகுப்பிலும் அதையே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது.

அதற்கு அடுத்த நாள் அவர் தன் வகுப்பு மொத்தத்தையும் வரிசையாக வெளியே கூட்டிப்போய்ப் பள்ளிக்கு எதிரே இருக்கிற பெட்ரோல் பங்க்குக்கு முன்னால் நிறுத்தினார். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மூக்க நல்லா இழுங்கடா. என்ன வாசம்?" என்றார். "பெட்ரோல் சார்" என்று கத்தினார்கள். "இல்ல. கல்லுக்குள்ள இருந்து வந்த எண்ணெய். சரி, எம் பேரு என்ன?" "ராயப்பன் சார்!" "ராயப்பருன்னா யாரு? வேதக்காரப் பயக, பைபிள் படிக்கிறவுக சொல்லுங்க." ஒரு பெண் கையைத் தூக்கி, "பீட்டர் சார். நாங்க பேதுருன்னு சொல்லுவோம்" என்றாள். "ஆங், அந்தப் பீட்டருங்கிற பேருக்குக் கிரேக்கத்துல கல்லுன்னு அர்த்தம். அப்ப இந்தப் பெட்ரோலு எனக்கு என்ன ஆச்சு? பங்காளி ஆச்சுல்ல?" பங்க்கில் வேலை செய்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். பிறகு எண்ணெய்க்கு வந்தார். "நம்ம ஊர்ல எள்ளுல எடுத்த நெய், எண்ணெய். அதே பேர தேங்காய்க்கும் வச்சோம், கடலைக்கும் வச்சோம், வெளக்கெண்ணெய்க்கும் வச்சோம். அவுக ஊர்ல எள்ளு இல்ல, ஒலிவ மரம் இருந்துச்சு. அந்த மரத்துப் பேர எல்லா எண்ணெய்க்கும் வச்சுக்கிட்டாக. அம்புட்டுத்தான். அவுகளும் நம்மள மாதிரி ஆளுகதான்டா."

அந்த எள்ளு எனக்குத் தோன்றவில்லை. தமிழ் என் தாய்மொழி, கிரேக்கம் என் அப்பா கற்றுத் தந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்கு அது தோன்றவில்லை. அன்றையிலிருந்து அவர் பெட்ரோல் சார். என் முப்பத்து மூன்று வருட வேலையில் எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட யாரும் வைக்கவில்லை. பிள்ளைகள் திட்டுவதற்கென்று வைக்கிற பெயராவது ஒன்று இருந்திருக்கலாம்.

என்னுடையதைத் திருடிவிட்டார் என்று சொல்லிக்கொள்ளவும் அவர் எனக்கு வழி வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "இது எஸ்தர் டீச்சர் சொன்னது, நான் வெறும் தபால்காரன்" என்று வகுப்பில் சொல்வார். அது எனக்கு இன்னும் எரிந்தது. நன்றி சொல்கிற இடத்திலும் அவர்தான் என்னைவிட நன்றாக இருந்தார்.

சொற்களைப் பற்றி அவர் பேசுவது ஒரு மாதிரியாக இருக்கும். "சொல்லுக்கும் சொந்த ஊரு இருக்கு டீச்சர். நாமதான் விசாரிக்காம வேலை வாங்கிக்கிட்டு இருக்கோம்" என்பார். 'ஸ்கூல்' என்ற சொல் கிரேக்கத்தில் ஓய்வு என்ற பொருளில் தொடங்கியது என்று ஒருநாள் நான் சொன்னபோது, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைப் பார்த்து, "அந்தக் கிரேக்கனுக்கு அரையாண்டுப் பரீட்சை இல்ல போல" என்றார். அறையே சிரித்தது. சொன்னது நான், சிரிப்பு அவருக்கு. நான் பணி ஓய்வு பெற்றபோது எனக்குச் சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து, நான்கு பேர் பேசினார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றபோது பங்க் முதலாளியே மாலையோடு வந்து, அவருடைய பழைய வண்டிக்கு டேங்க் நிறைய ஊற்றி அனுப்பினார். விழாவுக்குப் போயிருந்த நான் தலைவலி என்று சொல்லிப் பாதியில் எழுந்து வந்தேன். தலைவலி இல்லை.

நோட்டு விஷயம் நடந்தது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்காக, ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைச் சொல்லும் ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருப்பதாகவும், பள்ளி அச்சிட்டால் நன்றாக இருக்கும் என்றும் அவர் தாளாளரிடம் கேட்டிருக்கிறார். தாளாளருக்கும் சம்மதம். ஆங்கிலத்தில் மூத்த ஆசிரியை என்ற முறையில் என் கருத்தைக் கேட்டு, நோட்டை அலுவலக உதவியாளர் கையில் கொடுத்தனுப்பினார். கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. திறந்தேன். வலது பக்கம் முழுக்க அவருடைய உருண்டை எழுத்து. இடது பக்கம் வெறுமை. அடுத்த தாள், அதற்கடுத்த தாள், எல்லாம் அப்படியே. கட்டைவிரலால் கடைசி வரை தள்ளிப் பார்த்தேன். சரியாகப் பாதி நோட்டு காலி.

நான் படிக்கவில்லை. உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படித்தால் நன்றாக இருந்துவிடுமோ என்று பயந்தேன். தாளாளருக்கு ஒரு தாளில் நான்கு வரி எழுதினேன். முயற்சி பாராட்டத்தக்கது, ஆனால் பாதிப் பக்கங்கள் நிரப்பப்படவே இல்லை, பணி முழுமையடையவில்லை, இப்போதைக்கு அச்சுக்கு ஏற்றதல்ல. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

தாளாளர் அதை அவரிடம் சொல்லும்போது நானும் அந்த அறையில் இருந்தேன். கோபப்படுவார், அல்லது முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவர், "டீச்சர் சொல்றது சரிதான் ஐயா. பாதிதான் ஆயிருக்கு. நோட்டு டீச்சர்கிட்டயே இருக்கட்டும், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரியாமல் பல நாள் குழம்பினேன். குத்திக்காட்டுகிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அதன் பிறகு எங்கே பார்த்தாலும், கல்யாண வீட்டில், மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில், யாராவது மாணவரின் கடைத் திறப்பில், கிளம்புகிற நேரத்தில் மெதுவாகக் கேட்பார்: "நேரம் கெடச்சுச்சா டீச்சர்?" நோட்டைத் திருப்பித் தரச்சொல்லி நாசூக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். கொடுப்பதென்றால் அவர் முகத்துக்கு நேராக நின்று, என் நான்கு வரியைப் பற்றிப் பேச வேண்டிவரும். "இன்னும் இல்ல சார்" என்பேன். "ஆகட்டும், ஆகட்டும். வாரேன் டீச்சர்" என்று போய்விடுவார். கடைசியாக இந்தப் பங்குனியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் பாதியாகப் போயிருந்தது. அப்போதும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன்.

அடக்கத்தன்று அலங்காநல்லூர்ப் பேருந்திலிருந்து இறங்கி நடந்தபோது சாலையின் இரண்டு பக்கமும் இருசக்கர வண்டிகள் நின்றன. கோயில் கொள்ளவில்லை. வெயிலில் வெளியே நின்றவர்கள் அம்புட்டுப் பேரும் நம் பிள்ளைகள். எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன், பாதியில் விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, சோழவந்தானில் ஆசிரியையாக இருக்கும் அவருடைய மகள் ஜெயராணி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வந்தவர்களிடம் காட்டுவதற்காக அப்பாவின் பழைய நோட்டுகளை எடுத்து வைத்திருந்தாள். ஒன்றைத் திறந்தேன். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தார். வலது பக்கத்தில் அவருடைய உருண்டை எழுத்து. இடது பக்கத்தில் வேறொரு எழுத்து, கோணல்மாணலாக, பென்சிலில்: "பஸ்ஸில் ஒரே கூட்டம். இவர் சீட்டுப் பிடிக்கவில்லை. கடலில் கால் நனைத்தோம்."

"இது யாரு எழுதினது?" என்று கேட்டேன்.

"அம்மா. அப்பா எப்பவுமே எடது பக்கத்த விட்டுட்டுத்தான் எழுதுவாங்க டீச்சர். குருமடத்துல அப்படிப் பழக்கமாம். லத்தீன் நோட்டுல வலது பக்கம் நம்ம எழுதணும், எடது பக்கம் பக்கத்துல உக்காந்திருக்கிறவரு தனக்குத் தெரிஞ்சத எழுதணும். ரெண்டு பேரும் எழுதினாத்தான் பாடம் முடிஞ்சதுன்னு அர்த்தம். அம்மா அஞ்சாவதுதான் படிச்சது, அவுங்களையும் விடமாட்டாங்க, நீயும் எழுதுன்னு பென்சிலக் கொடுத்திருவாங்க." பிறகு அவளே சொன்னாள். "ஒங்ககிட்டகூட ஒரு நோட்டு இருக்குன்னு சொல்லுவாங்க. எத்தன வருஷமாச்சு, கேட்டு வாங்குங்கன்னு அம்மா சத்தம் போடும். 'டீச்சருக்குத்தான்டி கிரேக்கம் தெரியும், எனக்கு எங்க தெரியும்? அவுங்களுக்கு நேரம் வர்றப்ப எழுதுவாங்க'ன்னு சொல்லிருவாங்க."

காப்பியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்தேன். இருபது வருடம் கழித்து முதல்முறையாக அந்த நோட்டைப் படித்தேன். முதல் சொல் பெட்ரோல். லத்தீனில் அது என்ன, எப்படிச் சேர்ந்தது, எள்ளு, எண்ணெய் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் போட்டிருந்தார்: "லத்தீனுக்கு முன்னால் இது கிரேக்கத்தில் எப்படி இருந்தது என்பதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க." நூற்று அறுபது சொற்கள். ஏறக்குறைய எல்லாவற்றின் கீழேயும் அதே வரி. எதிர்ப்பக்கம் பார்க்க. எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமில்லை. அந்த வெறுமையைத்தான் அவருடைய குறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு பக்கம் படித்திருந்தால் போதும், எனக்குத் தெரிந்திருக்கும்.

அவருக்கு என் நான்கு வரியின் உண்மையான குணம் தெரியுமா என்று நான் இனி அறிய முடியாது. தெரியாமல் அத்தனை வருடம் காத்திருந்தார் என்றால் அது ஒரு துயரம். தெரிந்தும் காத்திருந்தார் என்றால் அதைத் தாங்குகிற சக்தி எனக்கு இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஜெயராணிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், தாளாளருக்கு எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து. அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "எழுதுங்க டீச்சர். எம்புட்டு நாளானாலும் பரவால்ல" என்றாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது தினமும் காலையில் அப்பாவின் கிரேக்கப் புத்தகத்தையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு என் பக்கத்தை எழுதுகிறேன். இதுவரை முப்பத்தொரு சொற்கள் ஆகியிருக்கின்றன. ஒவ்வொன்றும் முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். என் பக்கத்தில் பிழை இருக்காது. ஆனால் பிள்ளைகள் அவர் பக்கத்தைத்தான் படிப்பார்கள், அது எனக்கு இப்போதே தெரிகிறது. எழுதுகோலை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் அந்த மனுஷன்மேல் எரிச்சல்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் அடுத்த சொல்லை எடுப்பேன்.

புத்தகத்தை அச்சிடுகிற பொறுப்பைப் பழைய மாணவர்களாகிய நீங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அட்டையில் அவர் பெயர் மட்டும் போதும் என்று பாண்டியிடம் பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று கிடைத்திருப்பது அந்த இடது பக்கங்கள் மட்டும்தான். அவர் எனக்காக விட்டுவைத்த இடம் அது, அதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதனால் என் பெயரையும் போடுங்கள். நம் பள்ளியின் பணிமூப்புப் பட்டியலில் இருபத்தெட்டு வருடமும் என் பெயர் அவர் பெயருக்கு மேலே இருந்தது. இதில் அவருக்குக் கீழே போடுங்கள்.